மலையின் பங்கு

ரஹ்மூனா வண்டியிலிருந்து இறங்கியபோது இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் இருந்தன. ஆலிவ் ஆட்டும் பருவத்தில் மகள் பிறந்த வீட்டுக்கு வந்தால் எண்ணெய்க்காகத்தான் வருவாள். பாட்டில் காலியாக இருக்கும். இது நிறைந்திருந்தது. அவளுடைய வாப்பா மஃபத்தல் என் அக்காள் புருஷன். செக்கு அவருடையது, பாடுபடுவது நாங்கள் இரண்டு பேரும். வாசலில் ஆட்கள் மூட்டைகளோடு காத்திருந்ததால் அவர் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. புது எண்ணெயில் தோய்த்த ரொட்டித் துண்டு ஒன்றைப் பேரன் கையில் மட்டும் கொடுத்தார்.

அவள் பாட்டிலைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். தண்ணீர் வெளிறிய தேநீரின் நிறத்தில் இருந்தது. வாடையைச் சொல்லவே வேண்டாம், எங்கள் செக்கின் வாடை.

எங்கள் ஊர் ரிஃப் மலையின் முதுகில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் கடல் தெரியும், குடிக்க ஓர் ஊற்று கிடையாது. எல்லாம் சுண்ணாம்புப் பாறை. எவ்வளவு கொட்டினாலும் உறிஞ்சிக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் வெள்ளையாக நிற்கும். மழைத்தொட்டிகளை வைத்துத்தான் பிழைக்கிறோம். மேலே ஊசியிலைக் காட்டுக்குள் ஒரு குழி உண்டு, அதன் அடியைக் கண்டவர் யாருமில்லை. கோடையில் பார்லி தூற்றியதும் முதல் கூடைப் பதரை அதில் கொட்டுவோம். மலையின் பங்கு என்று அதற்குப் பெயர். கொட்டியது எங்கே போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சரித்து அடுக்கிய ரொட்டிகளைப்போலப் பாறை அடுக்குகள் எல்லாம் தெற்கே சாய்ந்து கிடக்கின்றன. தண்ணீரும் தெற்கேதான் போகும். தெற்குப் பக்கத்தாரோடு எங்களுக்கு மேய்ச்சல் தகராறு. பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை.

அந்த வருடம் காய்ப்பு அமோகம். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கறுப்புத் தண்ணீர் பட்ட இடத்தில் புல் முளைக்காது; அதற்கென்று வெட்டிய பள்ளம் பருவம் பாதி தாண்டுவதற்குள் நிறைந்துவிட்டது. மச்சான் அதைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக் குழியில் கொட்டவைத்தார். அந்தத் தெற்குப் பயல்களுக்கும் கொஞ்சம் கசக்கட்டும் என்றார். செக்கில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ரஹ்மூனாவைக் கட்டிக்கொடுத்தது வடக்கே, கடலோரத்தில். அங்கே மலையின் காலடியில், ஒரு மகானின் சமாதியை ஒட்டி ஊற்று இருக்கிறது. ஊர் மொத்தத்துக்கும் அது ஒன்றுதான். அது கலங்கியதும் மகானுக்குக் கோபம் என்று ஆடு அறுத்தார்களாம். தெளியவில்லை. பிறகு, குடத்தோடு ஊற்றில் இறங்கும் பெண்களில் வெளியூர்க்காரி யார் என்று பேச்சு கிளம்பி, அது இவள் தலையில் வந்து நின்றது. மலைக்காரி கால் பட்ட தோஷம் என்கிறார்களாம். மாமியார் லாலா தாமூ இன்னும் வாய் திறக்கவில்லை, புருஷன் முகம் கொடுப்பதில்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் பெட்டியோடு அனுப்பிவிடுவார்கள் என்றாள். அழாமல்தான் சொன்னாள்.

மச்சான் பாட்டிலை முகர்ந்தார். இலை அழுகிய நாற்றம் என்றார். தெற்கே போகிற தண்ணீர் வடக்கே எப்படி வரும், மலைக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்றார். பேசும்போதே குரல் இறங்கிக்கொண்டு வந்தது.

"வாப்பா, வருஷா வருஷம் கோடையில அந்த ஊத்துல பதர் மிதந்து வருது" என்றாள் ரஹ்மூனா. "மகான் அருளா அனுப்புற பரக்கத்துன்னு பொறுக்கிக் காயவச்சு, பச்சப்புள்ள தலைமாட்டுல வைப்பாங்க. இவன் தலைமாட்டுலயும் இருக்கு. நான் கல்யாணமாகி அங்க போன அந்த வருஷமே பார்த்துட்டேன். நம்ம களத்துப் பதரு எனக்குத் தெரியாதா?"

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா அது வெறும் பதரா ஆயிருக்கும்."

மச்சானுக்குச் செக்கை நிறுத்த வழியில்லை, ஊரின் காய் முழுக்க வாசலில் மூட்டையாகக் கிடந்தது, போட்டுவைத்தால் பூசணம் பிடித்துவிடும். உண்மையைச் சொன்னாலும், ஊற்றைக் கெடுத்தவன் மகள் என்று அவளைத்தான் துரத்துவார்கள். கடைசியில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பள்ளத்தின் கரையைத் தன் தோட்டத்துப் பக்கமாக வெட்டிவிட்டார். கீழ்ப்பாத்தி ஆலிவ் மரங்கள் அவருடைய வாப்பா வைத்தவை. கறுப்புத் தண்ணீர் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் தேங்கி நின்று இறங்கியது. ஊர்க்காரர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? மஃபத்தலுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். காரணத்தைச் சொல்ல அவர் என்னை விடவில்லை.

பெருமழைகள் பெய்து ஓய்ந்தபின் ஊற்று தெளிந்ததாகச் சேதி வந்தது. கோடைக்குள் கீழ்ப்பாத்தி மரங்கள் எல்லாம் பட்டுப்போய்விட்டன.

அந்தக் கோடையில் மலையின் பங்கைக் கொட்டிவிட்டு, மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் பேரனைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். ஆனால் தினமும் விடிந்ததும் போய் ஊற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டார். ஒருநாள் காலையில் பாறை இடுக்கிலிருந்து முதலில் ஒன்றிரண்டாக, பிறகு கொத்தாக, பதர் வெளியே வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். லாலா தாமூ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சல்லடையோடு தண்ணீரில் இறங்கினாள். ரஹ்மூனா குழந்தையோடு கரையில் நின்றாள், யாரையும் பார்க்கவில்லை.

கிழவி ஈரப் பதரில் ஒரு கைப்பிடி அள்ளி மச்சானிடம் வந்தாள்.

"பிடிங்க சம்பந்தி. இந்த வருஷம் நல்லா தூத்தியிருக்கு" என்றாள். அவள் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

மச்சான் எழுந்து இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கி, உதட்டில் ஒற்றிக்கொண்டார். செக்கின் கறுப்பு அவருடைய நகக்கண்களில் எந்தக் கோடையிலும் போவதில்லை. அதன்மேல் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்த பதரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.