கொப்பளிக்காத வாய்

எனக்கு வெட்கம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. முப்பத்தேழு வருஷம் பிந்தி. வந்த பிறகாவது அதை வாய்க்குள் வைத்திருக்கத் தெரிந்ததா? அதுவும் இல்லை. அந்த வெட்கக்கேட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் அன்ரனிப்பிள்ளை. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் என்னைத் தெரியாத கல்யாண வீடு இல்லை. எல்லாம் ஒரே ஒரு பாட்டால். பிறகு நான் இருந்து யோசித்துக் கட்டிய அறுபது எழுபது பாட்டை ஒரு நாயும் கேட்கவில்லை.

அந்தப் பாட்டு கரைவலையில் பிறந்தது. வலை இழுக்கும்போது கயிற்றின் முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பவன் நான். மற்றவர்கள் ‘ஏலேலோ’ போட்டு இழுப்பார்கள். களைப்புத் தெரியாமலிருக்க, கரையில் நிற்கிற யாரையும் பெயர் சொல்லிப் பழிக்கலாம். வலைக்காரச் சம்மாட்டியின் வயிற்றை, சுவாமியாரின் குடையை, யாருடைய பெண்சாதியையும். ஒருவரும் கோபிக்கக் கூடாது. ஆனால் அதற்கொரு சட்டம் இருந்தது. மீனோடு வலை கரையேறியதும் பாட்டெடுத்தவன் கடல் தண்ணீரில் மூன்று தரம் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பழித்த பெயர்கள் கடலோடு போய்விடும். அந்த வரிகளைப் பிறகு தரையில் யாரும் பாடுவதில்லை, குடிவெறியில்கூட.

ஒருநாள் எங்களோடு வலை இழுத்த தன் தகப்பனுக்கு யூஜீனியா தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். இருபது வயது. வெயில் முகத்தில் அடித்து அவளுக்குக் கண் கூசியது. நடந்தது அவ்வளவுதான். நான் எடுத்துவிட்டேன்:

கரைக்கு வந்த யூஜீனியா – ஏலேலோ
கடலைப் பார்க்க வரவில்லை – ஏலேலோ
கயிறு பிடிச்ச கறுவலைப் பார்த்து – ஏலேலோ
கண்ணைச் சிமிட்டிப் போறாளே – ஏலேலோ

இழுத்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வலை ஏறியது. நான் கொப்பளித்தேனா? இல்லை. மெட்டு அவ்வளவு வடிவாக விழுந்திருந்தது, துப்ப மனம் வரவில்லை. பேராசை பிடித்த பயல்.

மூன்று மாதத்தில் அதைப் பைலா என்கிற ஆட்டப்பாட்டாக்கிக் கொழும்பில் கசெற் அடித்தாயிற்று. பாலாவிச் சந்தியில் நின்ற பஸ்ஸெல்லாம் அதைத்தான் போட்டது. சிங்களப் பெடியன்கள் அர்த்தம் தெரியாமலே ஆடினார்கள். கசெற் அடித்தவர்களே பெயரையாவது மாற்றச் சொன்னார்கள். வேறு பெயர் தாளத்துக்கு இடிக்கிறது என்று மறுத்தவன் நான்தான். யூஜீனியாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார், கறுவல், அந்தக் கறுத்தவன், யாரென்று விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். கறுவல் என்று ஒருவனும் இல்லை, மோனைக்காகப் போட்டது. யார் நம்புவார்? கல்யாணம் முறிந்தது. தகப்பன் வலைக்கு வருவதையே விட்டார். அவளுக்கு முப்பத்தைந்து வயதான பிறகுதான் பாலாவி உப்பளத்தில் வேலை செய்த ஒரு மனிதர் அவளைக் கட்டினார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மேடை மேடையாகக் கைதட்டல் வாங்கினேன்.

போன மாதம் தலவிலவில் என் வீட்டுக்கு அவளே வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“அன்ரனி அண்ணன், என்ர மகள் டெனிஷாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை சிலாபத்துப் பெடியன். அவங்க உங்களைப் பாடக் கூப்பிட்டிருக்காங்களாம்.”

“ஓம், பேண்ட்காரன் நிலுக்சன் சொன்னான். உன்ர மகளெண்டு தெரியாது பிள்ளை.”

“அந்த யூஜீனியா நானெண்டு அவங்களுக்கும் தெரியாது. டெனிஷாவுக்கே தெரியாது. பேர் ஒண்டா இருக்கு, அவ்வளவுதான் எண்டு நினைக்கிறாங்க. நீங்க வராட்டி ஏனெண்டு கேப்பாங்க. வாங்க, சாப்பிடுங்க. அதை மட்டும் பாடாதீங்க.”

“எங்கட கோயில் அன்னம்மாள்மேல சத்தியமா பாடமாட்டன்.”

அவள் போன பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ‘அண்ணன்’ என்று கூப்பிட்டாளே!

கல்யாணம் சிலாபத்தில் ஒரு மண்டபத்தில். கேக் வெட்டி முடிந்து நிலுக்சனின் பேண்ட் தொடங்கியதும், “அங்கிள், யூஜீனியா! யூஜீனியா!” என்று மாப்பிள்ளை பக்கத்தார் மேசையில் தட்டினார்கள். யூஜீனியா கேக் தட்டோடு நின்றவள் என்னையே பார்த்தாள்.

தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு பாட்டு ஒன்றை எடுத்திருக்கலாம். சும்மா இருமியிருந்தாலே போதும். இந்த மரமண்டைக்கு அது ஏறவில்லை. மைக் கைக்கு வந்து, சனமும் என் முகத்தைப் பார்த்ததும் நெஞ்சு கரைந்துவிட்டது.

“இந்தப் பாட்டை நான் இனிப் பாடமாட்டன்,” என்றேன். “ஒரு குற்றமும் செய்யாத பிள்ளையை வச்சுக் கட்டின பாட்டு இது. அவளின்ர வாழ்க்கையைக் கெடுத்தவன் நான். அந்த யூஜீனியா இந்தா நிக்கிறா, பொண்ணின்ர அம்மா. தங்கச்சி, என்னை மன்னிச்சிடு.”

அழுதேன். உண்மையான அழுகைதான். சிலபேர் எழும்பி நின்று கை தட்டினார்கள். போன்களெல்லாம் என் பக்கம் திரும்பின.

மாப்பிள்ளையின் தாய் கையிலிருந்த கேக்கை மேசையில் வைத்தார். அவருடைய தம்பி ஒருவர், நல்ல குடிவெறியில், எட்டிக் கேட்டார்: “அப்ப அந்தக் கறுவல் ஆரு?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. டெனிஷா தாயைத் திரும்பிப் பார்த்தாள். பேண்ட்காரர்கள் அந்தப் பாட்டின் தாளத்தைத் தொடங்கிவிட்டார்கள். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன், வாய் திறக்கவில்லை. முந்நூறு பேரும் தாங்களே பாடினார்கள், ஏலேலோ முதற்கொண்டு.

யூஜீனியா தட்டை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“பாடியே இருக்கலாம் அண்ணன். பாட்டெண்டா ஆடிப்போட்டுப் போயிருப்பாங்க. எந்த யூஜீனியா எண்டு ஆர் கேக்கப் போறாங்க?”

“என்ர நெஞ்சு பொறுக்கேல்ல பிள்ளை…”

“ஓம், உங்கட நெஞ்சு,” என்றாள். “அண்டைக்குக் கடல்ல துப்ப வேண்டியதை இண்டைக்கு என்ர பிள்ளையின்ர கலியாணத்தில துப்பிப்போட்டீங்க.”

சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை நிலுக்சன் போன் எடுத்தான். “அங்கிள், நீங்க மன்னிப்புக் கேட்ட வீடியோவை நாப்பதாயிரம் பேர் பாத்திட்டாங்க! அழுது அழுது கொமெண்ட் போடுறாங்க.” அவனை ஏசிவிட்டு வைத்தேன்.

பிறகு நானும் பார்த்தேன். வெட்கம் கெட்டவன், இரண்டு தரம் பார்த்தேன். முதல் தரம், யூஜீனியாவின் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. இரண்டாம் தரம், ‘மன்னிச்சிடு’ என்கிற இடத்தில் என் குரல் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். வடிவாகத்தான் விழுந்திருந்தது.