திருகுக்கு மேல் ஒரு கோடு

"ஏளா ஷீஜா, கோட்டு கெடச்சுதா இல்லியா?" அம்மா ஞானபாய் கூடத்திலிருந்து மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டாள்.

கோட்டு கிடைத்துப் பத்து நிமிடமாகிறது. அது ஷீஜாவின் தோளில்தான் கிடந்தது. பீரோவில் அதற்கு அடியில் இருந்த தன் ரைபிள் உறையைத் திறப்பதா வேண்டாமா என்றுதான் அவள் தவித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை எழுந்து அடுக்களை வரை போய், தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தாயிற்று.

கூடத்தில் அப்பா கிருபாநிதி ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்றுக் காலை சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தில் சோப்போடு சரிந்துவிட்டார். மீதிப் பாதியைச் சித்தப்பாதான் மழித்துவிட்டார். இன்று நாலு மணிக்கு அடக்கம்.

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கி பழுது பார்த்த மனிதர். ஓய்வுக்குப் பிறகு ரைபிள் கிளப்பின் ஆயுத அறைச் சாவி அவரிடம்தான் இருந்தது. ரைபிளின் முதுகில் நீளமாக ஓடும் ரெயிலில் குறிபார்க்கும் சைட்டை அவர் மாட்டுவதே தனி அழகு. ஒரு திருகை அரைச் சுற்று, அடுத்ததை அரைச் சுற்று என்று மாற்றி மாற்றித்தான் முறுக்குவார். ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் சைட் சாய்ந்துவிடுமாம். முடித்ததும் திருகின் தலையிலிருந்து ரெயில் வரைக்கும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பார். கோடு விலகியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சபைக் கட்டுப்பாட்டில் பொட்டும் நகையும் இல்லாத வீடு அது. ஞானபாய் பிறந்ததிலிருந்து நகப்பூச்சைத் தொட்டதில்லை. ஆனாலும் மட்டக்கடை ஃபேன்சி ஸ்டோர்க்காரர், "அண்ணாச்சி, இந்தத் தடவை ரோஸ் கலர் தரட்டா?" என்று அவரைக் கிண்டலடிக்காத மாதம் கிடையாது.

போன சனிக்கிழமை மதுரையில் துப்பாக்கி சுடும் போட்டிக்கு முன்னால் ஷீஜாதான் சைட்டைக் கழற்றினாள். கண்ணுக்குத் தூரமாகத் தெரிகிறது என்று ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளி, அவசரத்தில் ஒரு திருகை ஒரேயடியாக முறுக்கினாள். கை வைத்தது தெரியாமலிருக்க, விலகிப்போன கோட்டை நகத்தால் சுரண்டிவிட்டாள். குண்டெல்லாம் இடப்பக்கம் போயிற்று. எல்லார் முன்னாலும் கிளப் செயலாளர் நேசக்குமாரிடம், "அப்பாவுக்கு இப்ப கை நடுங்குது சார், அவங்க மாட்டுனது நிக்கல" என்று சொல்லிவிட்டாள். அழுகையில் வாயில் வந்தது அது. திங்கட்கிழமை அவர் அப்பாவிடம் ஆயுத அறைச் சாவியைக் கேட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தார்.

ஷீஜா உறையைத் திறந்தாள். சைட் பழைய இடத்தில் இல்லை. அவள் தள்ளி வைத்த அதே இடத்தில், நேராக, ஆடாமல் நின்றது. இரண்டு திருகிலும் புதுக் கோடு. பக்கத்தில் நகப்பூச்சுக் குப்பி.

"என்னளா, இங்கன உக்காந்துட்ட?" ஞானபாய் வாசலில் நின்றாள்.

"அம்மா, அப்பா இத எப்ப தெறந்தாவ?"

"சனிக்கெழம ராத்திரி மதுரையில இருந்து வந்ததுமே. இத முடிச்சிட்டுத்தான் சாப்பிட்டாவ. ஏன்?"

சனிக்கிழமையே. அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் சாவியைக் கொடுத்திருக்கிறார். ஷீஜா குப்பியைக் கைக்குள் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

கூடத்தில் நேசக்குமார் மாலை போட்டுவிட்டு நாசரேத்துச் சொந்தக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். "தங்கமான மனுசன். வயசாயிட்டுல்லா, கை நடுங்க ஆரம்பிச்சிட்டு. சாவிய வாங்கும்போது எனக்கே மனசு கேக்கல."

அப்பாவைச் சவப்பெட்டிக்கு மாற்றி, ஷீஜா கொண்டுவந்த கோட்டு மாட்டினார்கள். குருவானவர் ஜெபம் முடித்து, முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஷீஜா முகத்தைப் பார்க்கவில்லை. நேசக்குமாரைப் பார்த்தாள்.

"சார், அப்பாவுக்குக் கை நடுங்கல. சைட்ட நகத்துனது நான். கோட்டச் சுரண்டுனதும் நான்தான். பழிய அப்பா மேல போட்டுட்டேன்."

துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று தெருமுனையில் ஹாரன் அடித்தது. நேசக்குமார் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைக் கையால் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஞானபாய் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்கு மூடியை வைத்தார்கள். பெட்டிக்காரர் தலைமாட்டுத் திருகை ஒரே மூச்சில் முறுக்கத் தொடங்கினார்.

"அப்பிடி இல்லண்ணே. குடுங்க."

"பொம்பளப் பிள்ள இதெல்லாம்..." என்று ஆரம்பித்த சித்தப்பாவை ஞானபாய் கையமர்த்தினாள்.

ஷீஜா தலைமாட்டில் அரைச் சுற்று, எதிர்மூலையில் அரைச் சுற்று என்று நாலு திருகையும் சுற்றிச் சுற்றி வந்து முறுக்கினாள். தூக்க வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாலேகால். கடைசித் திருகும் இறுகியதும் திருப்புளியை அவள் கீழே வைத்தாள்.

"கோடு போடலியாளா?" என்றாள் ஞானபாய்.

ஷீஜா குப்பியைத் திறந்தாள். நடுங்கியது அவள் கைதான். கோடு வளைந்து விழுந்தது. அது காயட்டும் என்று தூக்க வந்தவர்கள் காத்து நின்றார்கள்.