ஆறுமுகநேரியில் நிற்காத பஸ்

ஆத்தூர் வந்தது, அதற்கப்புறம் கொரகொரவென்று ஒரு சத்தம், பிறகு நேராகக் காயல்பட்டினம், நடுவில் ஆறுமுகநேரியைக் காணவில்லை, நான் ஹெட்போனின் பஞ்சைக் காதோடு இன்னும் அழுத்திக்கொள்கிறேன், அத்தான், ஆறுமுகநேரியில பஸ் நிக்கல, மறுபடி சொல்லுங்க என்கிறேன், சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடை மூலையில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு மூன்று விநாடி கழித்துத்தான் தூத்துக்குடிக்கு வந்து சேர்கிறது. கப்பல் பட்டறை வேலைக்குப் போகுமுன் அவர் திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டர், முத்தையாபுரம், பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் என்று ஒரே மூச்சில் கூவுவார், அந்த வரிசைதான் என் அளவுகோல், இன்டர்நெட் வழி பேசும் எந்த மென்பொருளில் எத்தனை ஊர் விழாமல் வருகிறதோ அதற்கு அத்தனை மார்க், இதைவிட நல்ல பரீட்சையை எந்த இன்ஜினியரும் வைத்திருக்க முடியாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

எட்டு கம்ப்யூட்டர் போட்ட என் பிரவுசிங் சென்டரில் என் காதுக்கு ஒரு மதிப்பு இருந்தது, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் எதில் பேசலாம் என்று என்னிடம்தான் கேட்பார்கள், நான் மென்பொருளின் பெயரைச் சொல்ல மாட்டேன், திரையில் தெரியும் அதன் சின்னத்தின் நிறம்தான், நீலம் ஓர் ஊரையாவது விழுங்கிவிடும், குரலோடு மின்விசிறி, ஹாரன், பக்கத்துக் கடை டீ கிளாஸ் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும், பச்சையில் குரல் நன்றாக இருக்கும், பத்து நிமிடத்தில் படுத்துவிடும், கடைசியாக வந்தது வெள்ளை, ஏழு ஊரும் விழாமல் வந்தன, பேச்சு நின்றால் கிணற்றுக்குள் இறங்கியதுபோல நிசப்தம், அந்தச் சுத்தத்தில் நான் மயங்கிப்போனேன், அன்று மாலையே எல்லா கம்ப்யூட்டரிலும் நீலத்தை நீக்கத் தொடங்கினேன், எட்டாவது கேபினுக்கு வரும்போது ஜெபமணி டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவர் மகன் கனடாவில், ஏ பிள்ள, இதுல பேசுனா அவன் வீட்டு குக்கர் விசிலடிக்கது கேக்கும், அவன் பொஞ்சாதி பாத்திரம் கழுவுறது கேக்கும், எனக்கு அது போதும், இத எடுக்காத என்றார், குக்கர் சத்தம் கேக்கதுக்கா டீச்சர் இன்டர்நெட்டு என்று நான் கேலி செய்தேன், ஆனாலும் வயதானவரிடம் வம்பு வேண்டாமென்று அந்த ஒன்றில் மட்டும் விட்டுவைத்தேன்.

எனக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு வந்தது, அவருக்கு லீவு இல்லை, பிரசவத்துக்கும் வர முடியாது, குழந்தைக்கு ஒரு வயதாகும்போதுதான் முகம் பார்ப்பார், அதனால் ஒன்றே ஒன்று கேட்டார், வயித்துல இருக்கது அந்த வளையல் சத்தத்தக் கேக்கும்னு சொல்லுதாவ, அது கேக்கும்போது நானும் கேக்கணும் பிள்ள, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒண்ணக் கேட்டோம்னு இருக்கணும்லா என்றார், நான் கவலைப்படவில்லை, என்னிடம் வெள்ளை இருந்தது. வீட்டில் இன்டர்நெட் கிடையாது, விசேஷத்தையே சென்டருக்கு மாற்றினேன், மாமியார் தலையில் அடித்துக்கொண்டார், கம்ப்யூட்டர் கடையில எவளாவது வளைகாப்பு வப்பாளா என்றார், நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால், முதல் கேபின் முன்னால் மனை போட்டு உட்கார்ந்தேன், சுழல் நாற்காலிகளில் அத்தைமாரும் சித்திமாரும் ஜெபமணி டீச்சரும், கீபோர்டு மேல் சந்தனக் கிண்ணம், மைக்கை என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கட்டினேன். பத்தரையிலிருந்து பதினொன்றரை நல்ல நேரம், வேப்பிலைக் காப்பு ஏறியது, கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக ஏறின, சித்தி குலவை போட்டாள், கேக்குதா அத்தான் என்றேன், நீ பேசுறது கேக்கு, வளையல் எப்பப் போடுவாவ என்றார்.

கையைக் குலுக்கினேன், மைக்கில் இடித்தேன், மறுபடி குலுக்கினேன், ஒண்ணுமே கேக்கல பிள்ள, லைன் கட்டாயிட்டுன்னு நெனச்சேன் என்றார், குரல் இறங்கிவிட்டது, பரவாயில்ல, குடுத்து வைக்கல என்றார், அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் சுத்தம் என்று கொண்டாடியது இதைத்தான், வெள்ளை பேச்சை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதையெல்லாம் குப்பை என்று கூட்டித் தள்ளுகிறது, என் வளையலும் அதற்குக் குப்பை, நானோ கண்டக்டரின் குரலை மட்டும் அளந்தேனே தவிர பஸ்ஸின் சத்தத்தை அளக்கவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும், சறுக்கியதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, அத்தான், வெள்ளைய மூடுங்க, நீலத்துக்கு வாங்க என்று கத்திவிட்டு, ஏழு மாத வயிற்றோடு எழுந்தேன், மாமியார் மனையத் தாண்டாதட்டி என்கிறார், நான் நீலம் மிச்சமிருக்கும் கடைசி கேபினுக்குப் போகிறேன், ஜெபமணி டீச்சர் எனக்கு முன்னால் போய் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு எழுந்து இடம் விடுகிறார். மணி பதினொன்று இருபது, எல்லாப் பெண்களும் பின்னாலேயே வந்து நெருக்குகிறார்கள், மிச்சமிருந்த வளையல்கள் ஏறுகின்றன, இரண்டு கையையும் தூக்கிக் குலுக்குகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. கேக்கு என்றார். கண்ணாடி கண்ணாடியாக் கேக்கு, குலவை கேக்கு, அந்தா பின்னால ஃபேன் கேக்கு, எங்கம்மா யாரையோ வையுறது கேக்கு, வயிற்றில் என் மகள் புரண்டாள், அவர் ஊர்களைச் சொல்ல ஆரம்பித்தார், அழுதுகொண்டே சொன்னார், ஆறுமுகநேரி விழுந்துபோனது, நான் திரும்பக் கேட்கவில்லை.

இது நேற்றா, போன வருடமா, பஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக் கண்டதா, இப்போது திருச்செந்தூர் பஸ் ஆத்தூர்ப் பாலத்தைத் தாண்டியாயிற்று, முன் சீட்டில் மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையாட்டுகிறாள், பக்கத்தில் அவர், வேலையை விட்டு ஊரோடு வந்து பத்து வருடமான மனிதர், ஆறுமுகநேரியில் பஸ் நிற்கிறது, முறுக்கு விற்பவரும் ஹாரனும் ஜன்னல் கம்பியும் சேர்ந்து இரைகின்றன, அவர் என்னவோ சொல்கிறார், ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை, என்ன அத்தான், மறுபடி சொல்லுங்க என்கிறேன், அவர் என் கையைப் பிடித்து வளையல்களை ஒரு குலுக்குக் குலுக்குகிறார்.