ஆறாயிரத்து அறுநூறு மூட்டை இரைச்சல்

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14, புதன்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். ஆடிக்காற்றில் தூறல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பாவாத்தாள் தன் இரைச்சலைத் திருப்பிக் கொடுப்பதற்காகச் செவிப்புலன் ஆணையத்தின் வாசலில் வந்து இறங்கினாள்.

இரைச்சல் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நூற்பாலையில் அவள் பார்த்த இருபத்திரண்டு ஆண்டு வேலைக்கு, ஷிஃப்ட்டுக்கு ஒரு மூட்டை வீதம், ஆறாயிரத்து அறுநூறு சாக்கு மூட்டைகள் மதிலோரம் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ‘94 டெசிபல், எட்டு மணி நேரம்’ என்று எழுதியிருந்தது. நனையாமல் இருக்கத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். தார்ப்பாய் நடுங்கிக்கொண்டிருந்தது.

மூட்டைகளை அன்று அதிகாலையில்தான் அவள் காதுகளிலிருந்து இறக்கியிருந்தார்கள். வீட்டிலும் பேருந்திலும் தூக்கத்திலும் ஓயாத ரீங்காரம் அப்போதுதான் நின்றது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஆணையத்தின் படிக்கட்டை அந்தந்த மனுதாரரின் செவித்திறன் வரைபடத்தைப் பார்த்துக் கட்டுவது வழக்கம். அவளுடைய படிக்கட்டில் சிமெண்ட் இன்னும் காயவில்லை. தாழ்ந்த ஒலிகளுக்கான முதல் படிகள் சமமாக இருந்தன. மூவாயிரம் ஹெர்ட்ஸில் இறக்கம் தொடங்கியது. நான்காயிரத்தில் ஒரு பள்ளம். பேரிரைச்சல் தின்ற காதுகளுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பள்ளம் விழும் என்று சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது.

பள்ளத்தின் அடியில் ஆணையர் திருமேனி மேசை போட்டு அமர்ந்திருந்தார். மீசை இல்லாதவர். உதடு தெரிய வேண்டும் என்பதால் ஆணையர்களுக்கு மீசை அனுமதிக்கப்படுவதில்லை. அவர் விளக்கைத் தம் முகத்தின்மேல் திருப்பி வைத்துக்கொண்டார். ஆலையில் பெண்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். ஆகவே பாவாத்தாளுக்குச் சிரமமில்லை.

“உக்காருங்கம்மா. என்ன வேணும்?”

“இத்தனை மூட்டையும் குடுத்தவருக்கே போகணுமுங்க சார். மேனேஜர் சென்னியப்பனுக்கு.”

“உங்க செவிப்புலன் வேண்டாமா?”

“அதைக் குடுப்பீங்களா?”

ஆணையர் பின்னாலிருந்த அடுக்கைக் காட்டினார். அதில் சிறு புட்டிகள். ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. சிட்டுக்குருவி. கொசு. கொலுசு. குக்கர் விசில். கடைசிப் புட்டியில் ‘மகள் செங்கமலம், தொலைபேசியில்’ என்று எழுதியிருந்தது. கழுத்துவரை நிரம்பியிருந்தது.

“குடுக்க முடியாதும்மா. உள்காதுல இருக்கிற மயிர்ச்செல் செத்தா மறுபடி முளைக்காது. வாங்கி வெக்க இடமில்லாத காதுல எதை ஊத்துறது? காது மெஷின் எழுதித் தரேன். மிச்சம் இருக்கறதைப் பெருக்கிக் குடுக்கும்.”

“மெஷினையும் குடுங்க. மனுவும் இருக்கட்டும்.”

“மூட்டையெல்லாம் போனா அவரோட செல்லும் செத்துருமே.”

“அவருக்கும் முளைக்காதுங்களா?”

“முளைக்காது.”

“அப்ப அதுதானுங்க வேணும்.”

ஆணையர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். “இன்னைக்கே தீர்ப்பு. தள்ளுபடியானா மூட்டைகளை உங்க காதுலயே திருப்பி ஏத்திருவோம். வெளியில வெக்க இடமில்லை.”

எதிர்மனுதாரரை நான்கு பேர் படிகளில் இறக்கினார்கள். ஆலை மேலாளர் சென்னியப்பன் சென்ற மாதம் இரும்பு அலமாரி ஆகியிருந்தார். சாம்பல் நிறம், ஆறடி உயரம், இரண்டு கதவு. ஆலையின் காதடைப்பான்களை வைத்துப் பூட்டும் அலமாரி அது. சாவித்துளை வழியாகப் பேசினார்.

“என்ன பாவாத்தா, சௌக்கியமா?” என்று உரக்கக் கத்தினார். தகடு அதிர்ந்தது.

“கத்தாதீங்க,” என்றார் ஆணையர். “அவங்களுக்குச் சத்தம் பத்தாததைவிடச் சொல் தெளியாததுதான் பெரிய கஷ்டம். முகத்தைக் காட்டிப் பேசுங்க.”

“முகம் இல்லீங்களே சார்.”

ஆணையர் அதையும் குறித்துக்கொண்டார். அதன்பின் அலமாரி சொன்ன ஒவ்வொன்றையும் தம் உதட்டால் அவளுக்குத் திருப்பிச் சொன்னார்.

“காதடைப்பான் குடுத்தீங்களா?”

“நானூறு ஜோடி வாங்குனனுங்க. எல்லாருக்கும் குடுத்துக் கையெழுத்தும் வாங்கியிருக்கேன்.”

“எப்ப?”

“ஆய்வாளர் வர்ற அன்னிக்கு.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“அவரு சாப்பிடப் போற வரைக்கும். அப்புறம் திருப்பி வாங்கி வெச்சிருவேன். அழுக்காயிடுமில்லீங்களா?”

அவர் தம் கதவுகளைத் தாமே திறந்து காட்டினார். உள்ளே ஆரஞ்சு நிறக் காதடைப்பான்கள் வரிசை வரிசையாகப் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன.

“நாங்க கழிவுப் பஞ்சை உருட்டித்தான் காதுல வெச்சுக்கிட்டோம்,” என்றாள் பாவாத்தாள்.

“அந்தப் பஞ்சு காதைக் காப்பாத்தாதும்மா.”

“இப்பத் தெரியுதுங்க.”

அலமாரி கனைத்தது. “சார், இவ ஒண்ணும் அழுதுக்கிட்டு இருக்கலை. காது பழகுன அன்னிக்கு மிட்டாய் குடுத்தவளே இவதான். கேட்டுப் பாருங்க.”

அது உண்மை. ஆலையில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதலில் எந்திரங்களின் சத்தம் தாங்காது. தலை வலிக்கும், வாந்தி வரும். பிறகு ஒருநாள் தாங்கும். அன்று உடன் வேலை செய்யும் பெண்கள் சூழ்ந்து நிற்க, அவள் கடலை மிட்டாயை உடைத்து எல்லோருக்கும் தர வேண்டும். காது பழகிவிட்டது என்று அதற்குப் பெயர். உண்மையில் காது பழகவில்லை; செத்துப்போயிருந்தது. அதை அவர்களிடம் ஒருவரும் சொன்னதில்லை. பாவாத்தாள் தன் மிட்டாயை ஒன்பதாம் மாதம் உடைத்தாள். சிரித்துக்கொண்டே உடைத்தாள்.

ஆணையரின் பேனா நின்றது. “சந்தோஷமா இழந்ததுக்கு விதியில இடமில்லைம்மா.”

மேலே ஒரு மூட்டை சரிந்தது. படிப்படியாக உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. அவளுடைய இடக்காதில் ரீங்காரம் நூலாகத் தொடங்கியது.

பாவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு கேளுங்க சார். காது பழகுனது எனக்கே தெரியாதுங்க. வந்து சொன்னது யாருன்னு அவரைக் கேளுங்க.”

“யார் சொன்னது?”

“நான்தானுங்க,” என்றது அலமாரி. அதன் குரலில் சற்றுப் பெருமை இருந்தது. “மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒவ்வொருத்தி பின்னாலயும் நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பலைன்னா பழகிருச்சுன்னு அர்த்தம். அன்னிக்கே மிட்டாய்க்குச் சொல்லிருவேன்.”

“அப்ப மூணு மாசத்துக்கு ஒருக்கா செவித்திறன் பரிசோதனை நடத்தியிருக்கீங்க.”

“அப்படியும் சொல்லலாமுங்க.”

“முடிவும் தெரியும்.”

“நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.”

“எழுதி வெச்சுட்டு என்ன பண்ணுனீங்க?”

“சத்தம் ஜாஸ்தியான பக்கத்துக்கு மாத்திருவேன். பழகுனவங்கதான அங்க நிக்க முடியும்.”

ஆணையர் அதை அவளுக்குத் திருப்பிச் சொன்னார். அவள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். புரியாததனால் அல்ல.

காலடியிலிருந்த மூட்டை திரும்பிப் படியேறிப் போயிற்று.

ஆணையர் நெடுநேரம் எழுதினார். காதடைப்பான்கள் இன்றே ஆலைப் பெண்களுக்குத் தரப்பட வேண்டும். திருப்பி வாங்கக் கூடாது. காலியாகும் அலமாரியில் நாளொன்றுக்கு ஒரு மூட்டை வீதம் ஆறாயிரத்து அறுநூறு மூட்டைகளும் அவிழ்க்கப்பட வேண்டும். அவிழ்த்தபின் கதவுகள் பூட்டப்பட வேண்டும். எழுதி முடித்ததும் அவர் நிமிர்ந்தார்.

“கையெழுத்துக்கு முன்னால மூணு முறை கேக்கணும்னு விதி. அவருக்கு வயசாயிருச்சு. பாதி மூட்டையை மன்னிக்கச் சம்மதமா?”

விளக்கு அவர் முகத்தில் முழுமையாக விழுந்திருந்தது. உதடுகள் நிதானமாக அசைந்தன. பாவாத்தாளுக்கு ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

“கேக்கலீங்க சார்,” என்றாள்.

அவர் இரண்டாம் முறை கேட்டார். அவள் காதின் பின்னால் கையைக் குவித்து, தலையைச் சாய்த்து, வருத்தத்துடன் உதட்டைப் பிதுக்கினாள்.

மூன்றாம் முறை கேட்டார். அலமாரி தடதடவென்று ஆடியது.

“இந்தக் காதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுங்க.”

ஆணையர் கையொப்பமிட்டார். மை உலரும்வரை ஊதினார். பிறகு எழுந்து நின்று தீர்ப்பை நீட்டினார். பாவாத்தாள் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.