மூன்றாவது திண்டில் நின்றவர்

2004 ஆகஸ்ட் 11 அன்று, ஏதென்ஸின் தெற்குப் புறநகரில், ஒலிம்பிக் பயிற்சிக்கென்று கட்டிய சாஃப்ட்பால் அரங்கில் இரண்டு வெளிநாட்டு அணிகள் ஆடிய ஆட்டம் 0–0 என்ற நிலையில் நின்றது. அணிகளின் பேருந்து வந்துவிட்டதால் ஆட்டத்தை முடிக்காமலே கிளம்பிவிட்டார்கள்.

2013 மே மாதம் அரங்கை மூட முடிவானது. போட்டி நடந்துகொண்டிருக்கும் அரங்கை மூட விதி இடம் தரவில்லை. கோப்பின்படி அந்த ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. அதை முடித்துவைக்க கலியோப்பி என்ற ஆய்வாளர் வந்தார்.

"பதினெட்டுப் பேரு வேணும். யாரா இருந்தாலும் சரி. யாராவது பந்தை அடிச்சிட்டு, மைதானத்து மூணு திண்டையும் தொட்டு, கிளம்பின இடத்துக்கே வந்து ஒரு ரன் எடுத்தா ஆட்டம் முடிஞ்சிடும்," என்றார் அவர், அரங்கின் காவலாளி பந்தேலிஸிடம்.

"முடிஞ்சா, என் வேலை மேடம்?"

"அதுவும்தான்."

பந்தேலிஸுக்கு ஓய்வூதியம் கிடைக்க இன்னும் பதினான்கு மாதப் பணிக்காலம் பாக்கி இருந்தது. சாஃப்ட்பால் அவருக்குத் தெரியாது. 2004இல் காவலாளிகள் வெளிப்பக்கம் பார்த்தே நிற்க வேண்டும் என்று உத்தரவு. எல்லா ஆட்டத்தின்போதும் அவர் முதுகைக் காட்டித்தான் நின்றார். ஆட்களை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுத்தார். ஒன்பது பேர் தேவாலயப் பாடகர்கள், ஒன்பது பேர் காபிக்கடையில் பகடை உருட்டுகிறவர்கள். அறுபதுக்குக் குறைந்தவர் யாருமில்லை.

வியாழன்தோறும் ஆட்டம். பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலக நேரம் முடிந்ததும் கலியோப்பி கோப்பை மூடிவிடுவார். நான்கு வாரங்களில் ஒரு பந்துகூட மட்டையில் படவில்லை.

ஐந்தாவது வியாழன், மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, பாடகர் அணியின் ரொட்டிக்கடை ஃபீவோஸ் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினார். பந்து மைதானத்து முட்புதருக்குள் போய் மறைந்தது. அவர் முதல் திண்டைத் தொட்டார். இரண்டாவதைத் தொட்டார். மூன்றாவதை அடைந்தபோது பந்தேலிஸ் எல்லைக்கோட்டோரம் ஓடிவந்தார்.

"டேய் ஃபீவோஸ், நில்லுடா அங்கயே."

"ஏன்டா? இன்னும் கொஞ்ச தூரம்தான. போய்ச் சேர்ந்தா ரன்னு."

"அதனாலதான் நில்லுங்கறேன். என் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னு எங்க ரெண்டு பேர் தலையில கிரீடம் மாத்திவிட்டவன் நீதான? அன்னிக்கு ஒரு மணி நேரம் அசையாம நின்ன. இப்ப பத்து நிமிஷம் நிக்க மாட்டியா?"

"என் ஆயுசுல முதல் தடவையா பந்து மட்டையில பட்டிருக்குடா. என் பொண்டாட்டி பாத்துக்கிட்டிருக்கா."

"உன் பொண்டாட்டி ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்கா. திரும்பிப் பாரு."

ஃபீவோஸ் திரும்பிப் பார்த்தார். பிறகு திண்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவரு ஏன் ஓடல?" என்றார் கலியோப்பி.

"யோசிக்கிறாரு மேடம்."

கலியோப்பி விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். யோசிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. பகடைக்காரர்கள் புதரில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே மணி மூன்றானது.

"அடுத்த வாரம் அவரு இதே இடத்துல நிக்கணும். அவருக்குப் பதிலா வேற ஆள் நிக்கக் கூடாது," என்று சொல்லிக் கோப்பை மூடினார் கலியோப்பி.

அடுத்த வியாழன் ஃபீவோஸுக்கு முழங்கால் வலி. முத்திரையுடன் மருத்துவச் சான்றிதழ் வந்தது. எழுதிய மருத்துவர் பாடகர் குழுவில் கீழ்ச்சுருதி பாடுகிறவர். அதன்பின் வாராவாரம் பதினேழு பேர் வந்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். கலியோப்பி "ஓட்டக்காரர் உடல்நலமில்லை" என்று எழுதினார். ஃபீவோஸ் கடையில் நின்றபடியே மாவு பிசைந்தார்.

"மூணாவது திண்டே, ரெண்டு ரொட்டி குடு," என்பார்கள் வாடிக்கையாளர்கள்.

அவர் பந்தேலிஸிடம் ஒன்றுதான் கேட்பார்: "இன்னும் எத்தனை மாசம்டா?"

2014 ஜூலை 3, வியாழன். ஃபீவோஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு மூன்றாவது திண்டில் நின்றார். அவர் மனைவி அன்று பின்னலைக் கொண்டுவரவில்லை. ஓய்வூதிய உத்தரவைச் சட்டைப்பையில் வைத்திருந்த பந்தேலிஸ், வாசலில் முதல்முறையாக உள்பக்கம் பார்த்து நின்றார். ஃபீவோஸ் ஓடவில்லை, நடந்தார். இருபத்தாறு காலடி.

1–0. வெற்றி 2004இல் வந்த அணிகளில் ஒன்றின் பெயரில் பதிவானது. திங்கட்கிழமை அரங்கம் மூடப்பட்டது.