தப்பாக மாட்ட முடியாத கப்ளர்

எங்கள் அண்ணனுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் கேட்லாக். எந்தச் சாமானைப் பற்றிக் கேட்டாலும் பக்க எண்ணோடு பதில் சொல்வார். அதைக் கையில் தொட்டுப் பார்த்திருக்கிறாரா என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அப்பா விட்டுப்போன டிராக்டர் எங்கள் இருவருக்கும் பொது. ஓட்டுவது தங்கை நான், கருத்துச் சொல்வது அவர். வேலை குறைந்ததும் வண்டிக் கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று ஒரு அட்டையை ஒட்டிவிட்டார். எனக்கு விற்க மனமில்லை. அலைந்து திரிந்து ஒரு மாட்டுப்பண்ணையில் ஒரு வருட வேலை இருப்பதாகக் கண்டுபிடித்தேன். சாணம் அள்ளும் இரும்புக் கை, வைக்கோல் உருளையைக் கவ்வும் இடுக்கி, மண் வாரும் தொட்டி, மூன்றையும் ஒரே வண்டியில் மாற்றி மாற்றி மாட்டிக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை சோதனை. தேறினால் டிராக்டர் மிஞ்சும். தேறாவிட்டால் அட்டை ஜெயிக்கும்.

இதற்குப் புது கப்ளர் தேவைப்பட்டது. ஹைட்ராலிக் எண்ணெய் ஓடும் ஹோஸின் நுனியில் இருக்கும் முனைதான் அது. ஆண் முனை பெண் முனைக்குள் ‘டக்’கென்று உட்கார்ந்தால் எண்ணெய் பாயும். பழசெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் காகிதத்தில் எழுதியே கொடுத்தேன்: அரை இஞ்ச், தட்டை முகம், ஒரு துடை துடைத்தால் சாணம் போய்விடும் ரகம். வண்டிக்கும் மூன்று சாமான்களுக்கும் இரண்டிரண்டாக, ஆண் நாலு, பெண் நாலு.

அரை நாள் கடையில் உட்கார்ந்து கடைக்காரருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்த அண்ணன், மேசையில் கொட்டியது ஆண் ஆறு, பெண் இரண்டு.

“என்னண்ணே இது?”

“வண்டியில ரெண்டும் பெண்ணு, மாட்டுற சாமான்ல எல்லாமே ஆணு. பார்த்தாலே ஒரு ஒழுங்கு தெரியணும்.”

“ரெண்டு ஹோஸும் ஒரே மாதிரி இருந்தா இடம் மாறிடும்ணே. மாறினா லிவர் தலைகீழா வேலை செய்யும். ஒண்ணு ஆணு ஒண்ணு பெண்ணுன்னு வச்சா அந்தத் தொல்லையே இல்ல.”

“மாத்தி மாட்டுறவன் முட்டாள். முட்டாளுக்காக நான் சாமான் வாங்க முடியாது.”

திருப்பிக் கொடுக்க நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னபடியே பொருத்தினேன்.

வெள்ளிக்கிழமை பண்ணைக்காரம்மா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், கக்கத்தில் கேட்லாக்கோடு முன்னால் போனார். “நீ தள்ளு, நானே மாட்டிக் காட்டுறேன்” என்று இரும்புக் கையின் இரண்டு ஹோஸையும் ‘டக்’, ‘டக்’கென்று சொருகினார். இருக்கையில் ஏறி, மூடியிருந்த கையைத் திறக்க லிவரைத் தள்ளினார். என்ஜின் முனகியது. கை திறக்கவில்லை.

“எண்ணெய் இன்னும் சூடாகலம்மா” என்றார். பிறகு பம்ப்பில் குறை கண்டார். பிறகு அந்த இரும்புக் கை செய்தவனின் படிப்பைச் சந்தேகித்தார். பத்து நிமிடம் போயிற்று. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் ஒரு வருடம் இவர் வாயால் போய்க்கொண்டிருந்தது.

பண்ணைக்காரம்மா என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீ சொல்லு. என்ன கோளாறு?”

“ஹோஸ் ரெண்டும் மாறியிருக்கு. திறக்கத் தள்ளினா இறுக்குது.”

“அப்போ, இறுக்குறதா நினைச்சு இழுத்தா திறந்துடும். கீழ என் ஆள் நின்னா?”

அண்ணன் அவசரமாகக் கேட்லாக்கைப் புரட்டினார். அதில் கீழே நிற்கும் ஆளுக்குப் பக்கம் இல்லை.

“பத்து நிமிஷம் குடுங்கம்மா” என்றேன். அண்ணனைக் கீழே இறக்கி, என்ஜினை நிறுத்தி, லிவரை இரண்டு பக்கமும் ஆட்டி ஹோஸில் நின்ற அழுத்தத்தை விட்டேன். இரண்டு ஸ்பேனர்தான். வண்டியிலிருந்து ஒரு பெண் முனையைக் கழற்றி இரும்புக் கையின் ஒரு ஹோஸில் போட்டேன். அங்கிருந்த ஆண் முனையை வண்டிக்குக் கொண்டுவந்தேன். இப்போது இரண்டு பக்கமும் ஒரு ஆண், ஒரு பெண்.

“நீங்களே மாட்டிப் பாருங்கம்மா. வேணும்னே தப்பா மாட்டுங்க.”

அவர் மாற்றி வைத்து அழுத்தினார். ஆணும் ஆணும் முட்டிக்கொண்டு நின்றன. சரியாக வைத்ததும் ‘டக்’. என்ஜினைக் கிளப்பி லிவரைத் தள்ளினேன். கை திறந்தது.

“தப்பா மாட்டவே முடியாதா?”

“முடியாதும்மா. எங்கண்ணனாலகூட முடியாது.”

அவர் சிரிக்கவில்லை. “இது போதும், மத்த ரெண்டையும் இப்படியே மாத்திடு” என்று அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தில் கையால் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் கடையில் நிறுத்தி, மற்ற இரண்டு சாமான்களுக்கும் ஒவ்வொன்று வீதம் இரண்டு பெண் முனை வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே, ஆபத்தை விளக்குவதற்காகத் தானே வேண்டுமென்றே மாற்றி மாட்டியதாக அண்ணன் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். மறுநாள் காலை அதே கேட்லாக்கோடு வண்டியில் ஏற வந்தார்.

ஒப்பந்தத்தை நீட்டினேன். அவரே சத்தமாகப் படித்தார்: “வண்டியுடன் தங்கை மட்டும் வர வேண்டும்.”

காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “பாதுகாப்புக்காகப் போட்டிருப்பாங்க” என்றார்.

“ஆமாண்ணே, பாதுகாப்புக்குத்தான்” என்று சொல்லி, கண்ணாடியிலிருந்த அட்டையைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.