கடைசிப் பொட்டலத்துச் சால்வியா

பிணத்தின் தலையில் அரப்புத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லி குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். கண் மட்டும் பங்களாச் சுவரோரம் இருந்த ஆறு நாற்றுப் பெட்டிகள் மேலேயே இருந்தது. சால்வியா என்ற சீமைப் பூச்செடியின் நாற்று. சுண்டுவிரல் உயரம்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. காவல்காரன் காளியனின் பெண்டாட்டி நஞ்சம்மாள் ஒப்பாரிக்கு நடுநடுவே இவள் முகத்தைப் பார்த்தாள். பார்க்கட்டும்.

செத்தவன் செல்லியின் புருஷன், வத்தல்மலைப் பங்களாவின் தோட்டக்காரன் மல்லையன். கைகால் இழுத்துக்கொண்டு இரண்டு வருஷம். உடம்பு படுத்ததே தவிர வாய் படுக்கவில்லை. கீழே காரிமங்கலத்துக் கொல்லைகளில் கத்திரி நாற்று விட்டுப் பழகியவன். செடி வாடினால் தாகம், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். மலையில் பனிமஞ்சு இறங்கினால் மண் மூன்று நாளைக்குக் காயாது என்று செல்லி சொன்னால் ஏறாது. போன வருஷம் அவன் சொன்னபடியே ஊற்றினாள். நாற்று மொத்தமும் கழுத்து அழுகி விழுந்தது. வந்து பார்த்த பங்களாத் துரைசாணியிடம், பொம்பளை கை பட்டதால்தான் என்று கட்டிலில் கிடந்தபடியே சொல்லிவிட்டான் மல்லையன். செல்லி பக்கத்தில்தான் நின்றாள்.

இந்த வருஷம் அவள் பொய் சொல்லப் பழகினாள். காலிச் செம்பைப் பெட்டி விளிம்பில் தட்டிச் சத்தம் காட்டுவாள். ஊற்றியாகிவிட்டது என்பாள். யுத்தத்தில் சீமையிலிருந்து விதை வருவது நின்றுபோனது. கையிலிருந்தது கடைசிப் பொட்டலம். இதுவும் போனால் தோட்டத்துக்கு ஆள் வேண்டாம், ஆளுக்கு வீடும் வேண்டாம்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது மஞ்சு விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. நாற்றெல்லாம் தலை தொங்கி நின்றன. பொம்மிடியிலிருந்து வந்திருந்த மல்லையனின் தம்பி சின்னக்கண்ணு, இனி அண்ணன் வேலையைத் தானே பார்ப்பதாகவும், அண்ணி தன் வீட்டில் சோறாக்கிக்கொண்டு கிடக்கலாம் என்றும் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டிகளிடம் போனான்.

தாலியறுத்தவள் அன்றைக்கு மூலையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. செல்லி எழுந்தாள். வாசலைக் கடந்து போய்க் குடத்தின் கழுத்தைப் பிடித்தாள்.

"வுடு."

"செடி சாவுது அண்ணி. அண்ணன் பொழப்பு."

"ரெண்டு வருசமா எம்பொழப்பு. வெயிலு சாஞ்சா அதுவே நிமுரும். இப்ப ஊத்துனா நாளைக்கு அழுவி வுழும். போன வருசம் வுழுந்ததும் உங்கண்ணன் பேச்சாலதான். எங்கையால இல்ல."

ஒப்பாரி பாதியில் நின்றது. செத்தவனை அன்றைக்கே குறை சொன்னவளை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. காளியன் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"காலிச் செம்ப தட்டுறது எனக்குக் கேக்காதா புள்ள? தொரசாணிகிட்ட போன மாசமே சொல்லிட்டேன். செடி பொழைச்சா அவளே இருக்கட்டும்னுட்டு அந்தம்மா ரயிலேறிப் போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவன் காதுல வுழக் கூடாதில்ல."

சின்னக்கண்ணு குடத்தை இறக்கி வைத்தான். ஆனால் போகவில்லை. பெட்டிகளுக்கு எதிரே குந்திக்கொண்டான். பஞ்சாயத்துத் தீர்ப்புக்கு உட்கார்ந்தவன் மாதிரி இருந்தது. செல்லியும் நின்ற இடத்திலேயே நின்றாள். தான் நினைத்தது தப்பாக இருந்தால்?

வெயில் பங்களா ஓட்டுக்குப் பின்னால் இறங்கியது. முதலில் ஓரத்துப் பெட்டியில் ஒரு செடி கழுத்தைத் தூக்கியது. அப்புறம் நாலைந்து. பிறகு எண்ண முடியவில்லை. சின்னக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

நஞ்சம்மாள் தன் வீட்டில் ஆக்கிய சாமைச் சோற்றையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் கொண்டுவந்து வைத்தாள். ரெண்டு வாயாவது தின்னு என்று கெஞ்சத் தயாராக வந்திருந்தாள். செல்லி காலை நீட்டி உட்கார்ந்து மொத்தத்தையும் தின்றாள். தின்றுவிட்டுத் தட்டை நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் போடு."

நஞ்சம்மாள் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு அகப்பையைச் சட்டிக்குள் விட்டாள்.